சுபலட்சுமி இறக்கிய பேனர்

திருமங்கலத்தில் ஒரு வீட்டில் காதுகுத்து என்றாலும், கல்யாணம் என்றாலும், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றாலும், அந்த வீட்டு முகங்கள் முதலில் வந்து சேர்வது சுபலட்சுமியிடம்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் சுருளி என்பவர் நடத்திய பிளக்ஸ் கடையில் பதினோரு வருஷமாக அவள் டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள். வாட்ஸ்அப்பில் வந்து விழும் மங்கிய போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுப்பாள். வேட்டி கட்டியவருக்குக் கோட்டு மாட்டிவிடுவாள். வரப்புத் தகராறில் எட்டு வருஷமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பியைத் தோளோடு தோள் உரசி நிற்க வைப்பாள். செத்துப்போனவர்களை மேகத்துக்கு நடுவே உட்கார வைத்து, கீழே நடக்கிற விசேஷத்தைப் பார்த்துச் சிரிக்கவிடுவாள். எல்லாம் முடிந்தபிறகு கடைசியாக ஒரு வேலை இருக்கும். முகத்தை வெளுப்பாக்கிக் கலர் ஏற்றுவது. அதை யாரும் கேட்கக்கூட வேண்டியதில்லை. சோற்றில் உப்புப் போடுகிற மாதிரி கை தானாகப் போய்விடும்.

ஆனால் ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து வாசலுக்கு வருவாள், போகிற வருகிற பஸ்ஸைப் பார்ப்பாள், திரும்பிப் போய் முடித்துவைத்த டிசைனைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

"ஒனக்கு என்னதான்த்தா வேணும்?" என்று சுருளி கேட்பார். "அந்தக் கலியாணப் பேனரு நல்லாத்தானே இருந்துச்சு."

"நல்லாத்தாண்ணே இருந்துச்சு. போன வாரம் போட்டதும் இதே மாதிரிதான் இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரம் போட்டதும்."

என்ன வேண்டும் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கொட்டாம்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பிறந்தவள். அப்பா சிவனாண்டிக்கு நிலக்கடலையும் கொஞ்சம் தென்னையும். பள்ளிக்கூட நாளிலேயே கண்ட காகிதத்திலும் வரைந்துகொண்டிருப்பாள். ஓவியக் கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது அப்பா, "கம்ப்யூட்டர் படி, அதுலயும் படம் வரையலாமாம்" என்று விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். பொம்பளைப் பிள்ளையை மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டுமா என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது எழுந்து நின்று சண்டை போட்டவன் அண்ணன் அசோக்குமார். மூன்று வருஷமும் காலையில் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து பஸ் நிறுத்தத்தில் விட்டவனும் அவன்தான். படிப்பு முடிந்ததும் திருமங்கலத்தில் அழகுபாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அழகுபாண்டி ஒரு தனியார் பள்ளிக்கு வேன் ஓட்டினான். அதிகம் பேசமாட்டான், கெட்ட பழக்கம் கிடையாது. ஒரே மகள், அங்கயற்கண்ணி. வீட்டில் கூப்பிடுவது கயல் என்று.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பொழுதில் ஒரு சித்திரை மாதம், தங்கப்பொண்ணு என்ற பெண் கடைக்கு வந்தாள். மதுரையில் நர்ஸ் வேலை. மறுவாரம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஆர்டர் கொடுத்திருந்த பேனரில் தன் பேரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வந்தாள், டியூட்டி முடிந்த கையோடு. பேனர் பிரிண்ட் ஆகித் தரையில் விரித்துக் கிடந்தது. அதன் தலைமாட்டில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, இது யாரு?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று சுபலட்சுமி நினைத்தாள். "நீதாம்மா."

"மூக்கு என்னோடதுதான். மத்ததெல்லாம் யாரோடதுன்னு கேக்குறேன்." குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "வாசல்ல இதப் பாத்துட்டு உள்ள வந்து என்னையப் பாத்தா, பொண்ணு மாறிப்போச்சுன்னு நெனைக்க மாட்டாங்களா?"

சுபலட்சுமிக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்ணை உட்காரவைத்து, முதலில் வந்த போட்டோவைத் திரும்ப எடுத்தாள். நல்ல கறுப்பு, மினுமினுக்கிற கறுப்பு. பின்னணியில் இருந்த ரோஸ் கலர் அதற்கு ஒத்துவரவில்லை. அதைத் தூக்கிவிட்டு மஞ்சளை இழைத்துப் பூசிய மாதிரி ஒரு மஞ்சள் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் பல்லும் கண்ணும் பளிச்சென்று எழுந்து வந்தன. இரண்டு மணி நேரம் சுபலட்சுமி நாற்காலியை விட்டு எழவில்லை. தங்கப்பொண்ணு பக்கத்திலேயே இருந்து பார்த்தாள். மறுபடி பிரிண்ட் போடவேண்டுமென்று சுருளி முணுமுணுத்தார். மாப்பிள்ளையின் அப்பா போன் போட்டு, பெண் கறுப்பாகத் தெரிகிறதே என்று சத்தம் போட்டார். "பொண்ணு கறுப்புத்தாங்க" என்றாள் சுபலட்சுமி. அந்தப் பேனர் அப்படியேதான் ஏறியது.

அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தாள்: "கலரை ஏத்தவா, இருக்கிறபடி விடவா?" பத்தில் ஒன்பது பேர் ஏத்துங்க என்றார்கள். பத்தாவது ஆளுக்காகக் காத்திருந்தாள். அந்த ஆள் வருகிற நாளில் அவளுக்குப் பசிக்காது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில் கயல் வயசுக்கு வந்தாள். பன்னிரண்டு வயது. மாமியார் மாயக்காள் குலவை போட்டு அடங்குவதற்குள் கொட்டாம்பட்டிக்குச் செய்தி போய்விட்டது. அசோக்குமார் அன்று சாயங்காலமே கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். இப்போது அவனுக்கு இரண்டு போர்வெல் வண்டிகள், ஊரில் நல்ல பேரு. அவனுக்கு இரண்டும் பையன்கள். மருமகளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"தாய்மாமன் நான் ஒருத்தன்தான். ஊரே பாக்குற மாதிரி செய்வேன்" என்றான். "இருபதுக்குப் பத்துல பேனரு. பஸ் ஸ்டாப்புல. டிசைன் நீதான் போடணும், வேற கை படக்கூடாது."

சுபலட்சுமி அடுப்படிக்குப் போனபோது கயல் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, என் போட்டோ போடாதீங்க."

"ஏன்டி?"

"எங்க ஸ்கூல் பஸ் அங்கதான் நிக்கும். எல்லாரும் படிப்பாங்க. எதுக்குன்னு எழுதியிருக்கும்ல." சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுபலட்சுமி பதினோரு வருஷத்தில் எத்தனை சடங்குப் பேனர் போட்டிருப்பாள்? நானூறு, ஐந்நூறு. எல்லாவற்றுக்கும் அப்பா வருவார், மாமன் வருவான், சித்தப்பா வருவார். படத்தில் இருக்கப்போகிற பிள்ளை ஒருநாளும் கடைக்கு வந்ததில்லை. வராததை அவள் கவனித்ததும் இல்லை.

மறுநாள் அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, சீர் செய்யி, சடங்கு வையி. என்ன வேணும்னாலும் செய்யி. பேனர் மட்டும் வேணாம். பிள்ளைக்குப் பிடிக்கல."

"பிள்ளைகிட்ட எதுக்குக் கேட்ட?"

"அது மொகத்தைத்தானேண்ணே போடப்போறோம்."

"ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் போட்டியே, அதுககிட்டயெல்லாம் கேட்டியா?"

"கேக்கல. அதுதான் இப்ப உறுத்துது."

அவன் சிரித்தான். "சரி சரி, நீ ஒண்ணும் செய்ய வேணாம். நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சடங்கு. வியாழக்கிழமை காலையில் சுபலட்சுமி ஸ்கூட்டியில் கடைக்குக் கிளம்பினாள். தெருமுனை திரும்பியதும் பஸ் ஸ்டாப்பில் பேனர் நின்றது. இருபதுக்குப் பத்து. சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் எடுத்த போட்டோ. கயலின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது, உதட்டில் சாயம். பின்னால் இரண்டு சிங்கம். கீழே அசோக்குமாரும் அவன் கூட்டாளிகளும் கறுப்புக் கண்ணாடி போட்டு வரிசையாக நின்றார்கள். 'எங்கள் வீட்டு ரோஜா பூத்தது' என்று ஒரு வரி. மதுரையில் எங்கோ அவசரத்தில் போட்ட வேலை. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். அந்த நேரத்திலும் அவள் கண் அதைத்தான் முதலில் பார்த்தது.

மணி எட்டேகால் ஆகப்போகிறது. எட்டரைக்குக் கயலின் பள்ளிக்கூட பஸ் வந்துவிடும்.

பக்கத்து சைக்கிள் கடையில் போய் ஏணி கேட்டாள். கடைக்காரர் மறு பேச்சில்லாமல் தூக்கிக் கொடுத்தார். பிளக்ஸ் கடை அக்கா, ஏதோ எழுத்துப் பிழை போல என்று நினைத்துக்கொண்டார். ஏணியைக் கம்பத்தில் சாய்த்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினாள். பையில் இருந்த கத்தியால் ஒவ்வொரு கண்ணியாகக் கயிற்றை அறுத்தாள். ஒரு பக்கம் தொங்கி, பிறகு முழுவதும் பெருஞ்சத்தத்தோடு ரோட்டில் விழுந்தது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னக்கா, தப்பாப் போட்டாய்ங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆமா" என்றாள். குனிந்து சுருட்ட ஆரம்பித்தாள். அவசரத்தில் சுருட்டச் சுருட்ட அது கோணிக்கொண்டே போனது. பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது, பிள்ளைகள் ஏறின, போனது.

மத்தியானத்துக்குள் அசோக்குமார் வந்துவிட்டான். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றான்.

"நடுரோட்டுல என் மொகத்தக் கிழிச்சிட்ட."

"கிழிக்கலண்ணே. சுருட்டித்தான் வச்சிருக்கேன்."

"இந்த ஊருக்குள்ள நான் எப்படி இனி நடப்பேன்? ஒன்னையப் படிக்க வைக்கணும்னு நாந்தானே சண்டை போட்டேன். அதுக்கு இதுவா?"

அழகுபாண்டி நடுவில் வந்து, "மச்சான், வெயில்ல வந்திருக்கீங்க, சாப்பிட்டுப் போங்க" என்றான். அசோக்குமார் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

பிறகு அழகுபாண்டி மெதுவாகக் கேட்டான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வந்து ஏணியப் பிடிச்சிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் வரவில்லை. மாயக்காள் ஒன்றுவிட்ட உறவில் ஒருவரைப் பிடித்து மாமன் முறைக்கு நிற்கவைத்தாள். சமைத்த சோறு மிஞ்சியது. மகளுக்காவது நிம்மதியாக இருக்கும் என்று சுபலட்சுமி நினைத்திருந்தாள். ஆனால் கயல் மாலையோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"மாமா வரணும்னுதாம்மா நெனச்சேன். போட்டோதான் வேணாம்னு சொன்னேன்."

சுபலட்சுமி தட்டிலிருந்த பழங்களை எடுத்து வேறொரு தட்டில் அடுக்கினாள். அதை மறுபடி கலைத்து அடுக்கினாள்.

ஊரில் பேச்சுக்குக் குறைவில்லை. புருஷனை அடக்கி வைத்திருக்கிறாள் என்றார்கள், அண்ணன் வளர்ச்சி பொறுக்கவில்லை என்றார்கள். கடையில் சடங்குப் பேனருக்கு வருகிறவர்களிடம், "பிள்ளையக் கூட்டிட்டு வாங்க, கேட்டுட்டுப் போடுறேன்" என்று அவள் சொல்லத் தொடங்கியதும் சிலர் அடுத்த கடைக்குப் போனார்கள். சுருளி நல்ல மனுஷன். அவளைப் போகச் சொல்லவில்லை, அந்த வேலைக்கு மட்டும் வேறொரு ஆளைப் போட்டுக்கொண்டார். அந்த ஆள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முகங்களை வெளுத்துக்கொண்டிருப்பதை அவளால் ரொம்ப நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொரோனா வந்து விசேஷங்கள் நின்றதோடு அவளும் நின்றுவிட்டாள். பிறகு எதிர் வரிசையில் ஒரு சின்ன அறையைப் பிடித்தாள். கடைப் பலகை எழுதினாள், பள்ளிக்கூடச் சுவரில் படம் வரைந்தாள், பத்திரிகை டிசைன் செய்தாள். தூரிகையைக் கையில் எடுத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. முதலில் வரைந்த மயில் வாத்து மாதிரி இருந்தது. வெள்ளையடித்து அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள்.

ஐந்து வருஷம் ஓடிப்போனது. அண்ணனிடமிருந்து பேச்சு இல்லை. கயல் பிளஸ் டூவுக்கு வந்துவிட்டாள்.

ஒரு நாள் சுருளி ரோட்டைத் தாண்டி அவள் அறைக்கு வந்தார். முகத்தில் ஒரு மாதிரி தயக்கம். போனை நீட்டினார். "இது நம்ம கயலு தானத்தா?"

போனில் ஓடிய வீடியோவில் மூன்று பெண்கள் மொட்டை மாடியில் ஆடினார்கள். நடுவில் கயல். சட்டையும் தொளதொள பேண்ட்டும் போட்டிருந்தாள். தாளத்துக்கு உடம்பு வெட்டி வெட்டி நின்றது, அடுத்த நொடி தண்ணீராக ஓடியது. சுபலட்சுமி மூன்று தடவை பார்த்தாள். முதல் தடவை, இவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று மலைப்பாக இருந்தது. இரண்டாம் தடவை, பின்னால் கொடியில் தன் நைட்டி காய்வதைப் பார்த்தாள். மூன்றாம் தடவை கீழே இருந்த எண்ணைப் பார்த்தாள். நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அதற்கும் கீழே எழுதியிருந்ததில் நல்லது நிறைய, ஆனால் இரண்டு மூன்றை அவளால் முழுசாகப் படிக்க முடியவில்லை. அறையைக்கூடப் பூட்டாமல் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"இத எடுத்துரு" என்றாள் மகளிடம்.

"எதுக்கும்மா?"

"கண்டவனெல்லாம் பாக்குறான். என்னென்னமோ எழுதியிருக்கான்."

"தெரியும். படிச்சேன். நாலு பேரை பிளாக் பண்ணிட்டேன்."

"நான் அன்னைக்கி ஊர்ச் சண்டைய இழுத்து ஏணியில ஏறினது, ஒன்னைய யாரும் பாக்கக்கூடாதுன்னுதானே?"

"இல்லம்மா. அன்னைக்கி அது மாமா போட்டது. என்னையக் கேக்கல. இது நான் போட்டது."

சுபலட்சுமி கட்டிலில் உட்கார்ந்தாள், எழுந்தாள். ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். மகள் பேச்சில் எங்கேயும் பிழை இல்லை. ஆனால் நெஞ்சு அதை ஏற்கமாட்டேன் என்றது.

"ஒனக்குப் பயமா இல்லையாடி?"

"கொஞ்சம் இருக்கு" என்றாள் கயல்.

பயமே இல்லை என்று சொல்லியிருந்தால் சுபலட்சுமி நாலு வார்த்தை திட்டியிருப்பாள்.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. அண்ணன் பேர். ஐந்து வருஷத்துக்குப் பிறகு. எடுத்ததும் அவன் நலம்கூட விசாரிக்கவில்லை.

"பஸ் ஸ்டாப்புல நாலு பேரு பாக்கக்கூடாதுன்னு அன்னைக்கி என்னைய வேணாம்னு அறுத்து விட்ட. இன்னைக்கி ஒலகமே பாக்குது. இப்ப என்ன சொல்ற?"

"அன்னைக்கி அவ வேணாம்னா. இன்னைக்கி அவளுக்கு வேணும்ங்கிறா."

"பிள்ளை சொல்றதுதான் ஒனக்குச் சட்டமா?"

"எனக்கும் பிடிக்கலண்ணே" என்றாள் சுபலட்சுமி. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று முதல் நாளிலிருந்து தவித்துக்கொண்டிருந்தாள். "எடுத்துருன்னுதான் சொன்னேன். எடுக்கமாட்டேங்கிறா. நான் என்ன செய்ய?"

அந்தப் பக்கம் போர்வெல் வண்டி இரைவது மட்டும் கேட்டது. அவன் வைக்கவில்லை.

"யாருகிட்ட கத்துக்கிட்டா?"

"தானாத்தான். போனப் பாத்து."

"ம்" என்றான். பிறகு போன் நின்றது. அடுத்து அவன் கூப்பிடவில்லை. இவளும் நாலு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு விட்டுவிட்டாள்.

அந்த வீடியோவைப் பார்த்து மதுரையில் ஒரு நடனக் குழு கயலைக் கூப்பிட்டது. கோரிப்பாளையத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகுவார்களாம். சொல்லிக்கொடுக்கிறவள் ஒரு பெண், கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் நடத்துகிறாள். வேண்டாம் என்று சொல்லச் சுபலட்சுமிக்கு வாய் வரைக்கும் வந்தது. அழகுபாண்டிதான், தட்டில் கையை வைத்தபடி, "போயிட்டு வரட்டுமே" என்றான். அவன் இப்படி ஒன்றை முந்திச் சொன்னது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. சுபலட்சுமி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

முதல் ஞாயிறு சுபலட்சுமி கூடவே போனாள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறிப் போனார்கள். மாடிப்படியில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மேலே தட்டுத் தட்டென்று கால் சத்தம். அதில் மகளின் கால் எது என்று பிரித்துப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. இடையிடையே கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். கயல் தப்புச் செய்து சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

இரண்டாவது ஞாயிறு திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில், "நானே போறேம்மா" என்றாள் கயல். "நீங்க படியில உக்காந்திருந்தா எனக்கு ஆட வராது."

"சரி. போயிட்டு வா" என்று சுபலட்சுமி சொன்னாள். பஸ் கிளம்பியது. ஜன்னலோரத்தில் கயல் கையசைத்தாள், உடனே போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். பஸ் கண்ணை விட்டு மறையும் வரை சுபலட்சுமி நின்றாள். அறைக்குப் போனால் பாதி எழுதிய பலகை ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் போனால் துணி ஊறிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் கால் போகவில்லை. அடுத்த பஸ் வந்து நின்றதும் ஏறிவிட்டாள்.

"பெரியார் ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கினாள். முன்னால் போகிற பஸ்ஸின் முதுகு தெரிகிறதா என்று எக்கி எக்கிப் பார்த்தாள். லாரிகள் மறைத்தன. போய் என்ன செய்யப்போகிறேன்? கீழே துணிக்கடை வாசலில் ஒளிந்து நின்று பார்ப்பேனா? பார்த்துவிட்டால் அப்புறம்? கப்பலூர் டோல்கேட்டில் வண்டிகள் வரிசையில் நின்றபோது இருப்புக்கொள்ளாமல் எழுந்துவிட்டாள்.

"பெரியாருக்குத்தானக்கா டிக்கெட் எடுத்தீங்க?" என்றார் கண்டக்டர்.

"இங்கயே எறங்கிக்கிறேன்."

கப்பலூர் வெயில் முகத்தில் அடித்தது. புடவைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள். அரை மணி கழித்துப் போனில் செய்தி வந்தது. கயல்தான். 'வந்து சேந்துட்டேன்.' பத்திரம், சாப்பிடு, முடிந்ததும் கூப்பிடு, வரும்போது உட்கார இடம் உள்ள பஸ்ஸில் ஏறு என்று வரிசையாக அடித்தாள். அனுப்பவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'சரி' என்று மட்டும் அனுப்பினாள்.

பிறகு வண்டிகள் விட்ட இடைவெளி பார்த்து ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் வந்த திருமங்கலம் பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.